சிங்கப்பூர் கம்பெனிக்கு வங்கிக் கணக்கும் கடனும்: பெங்களூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பீன்யாவில் பட்டறை வைத்திருப்பவர், எச்எஸ்ஆர் லேஅவுட்டில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துபவர், சிக்பேட்டையிலிருந்து துணி அனுப்புபவர் என்று பெங்களூர்த் தமிழர்களின் கணக்கு வழக்கைப் பார்ப்பது என் தொழில். சில காலமாக எல்லோர் வாயிலும் சிங்கப்பூர்தான். அங்கே ஒரு கம்பெனியைத் திறந்துவிட்டால் வங்கிக் கணக்கு, குறைந்த வட்டிக் கடன், டாலரில் வரவு எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே. வெறுமனே டாலர் என்று எழுதியிருந்தால் அது சிங்கப்பூர் டாலர்.

"சார், அங்கே வட்டி நாலு பர்சென்ட்தானாமே? இங்கே பன்னிரண்டு கட்டுவதற்கு அங்கேயே வாங்கிவிடலாமே?"

அந்த நாலு என்ன நாலு என்று முதலில் கேளுங்கள். சிறு தொழில் கடனுக்கு விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. 1,00,000 டாலரை 5 ஆண்டுக்கு 4 சதவீத ஃபிளாட்டில் வாங்கினால் வட்டி 20,000. மாதத் தவணை 2,000. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி வரை போடப்படுகிறது. நம் ஊர் வங்கி சொல்வதுபோல் குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 7.4 சதவீதம். செயலாக்கக் கட்டணம் இதில் சேரவில்லை. சிங்கப்பூர் வங்கியிடம் பயனுறு வட்டி விகிதம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்தான் குறைவு.

அப்புறம் நாணய மாற்று. 2015இல் ஒரு சிங்கப்பூர் டாலர் 50 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2025இல் 65ஐத் தாண்டியது. வரவு ரூபாயிலும் தவணை டாலரிலும் இருந்தால் அந்த ஏற்றமும் உங்கள் வட்டிதான். வரவும் டாலரில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இதையெல்லாம் தாண்டி, அந்தக் கடன் உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அது கீழே வருகிறது.

கம்பெனி பதிவு செய்வது கஷ்டமா?

இல்லை. பதிவு செய்வது அக்ரா என்ற அரசு அமைப்பு. பெயருக்கு 15 டாலர், பதிவுக்கு 300 டாலர். மூலதனம் 1 டாலர் போதும். முழுப் பங்கும் வெளிநாட்டவரிடமே இருக்கலாம். ஆனால் நாம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே பதிவு பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும், 6 மாதத்துக்குள் கம்பெனி செயலர் ஒருவரை நியமிக்க வேண்டும், அங்கே ஒரு பதிவு முகவரியும் வேண்டும்.

அந்த உள்ளூர் இயக்குநரை ஏஜென்சியே தருகிறேன் என்கிறதே?

தரும். நாமினி இயக்குநர் என்பார்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு, பலர் வைப்புத்தொகையும் கேட்பார்கள். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால் இந்தத் தொழிலில் பிடி இறுகியிருக்கிறது. நாமினியாக இருக்கத் தகுதியானவர்தானா என்று ஏஜென்சியே சரிபார்த்துப் பொறுப்பேற்க வேண்டும்.

நாமினி சட்டத் தேவையைத் தீர்ப்பார், வங்கித் தேவையைத் தீர்க்க மாட்டார். கடனுக்கு ஜாமீன் போட மாட்டார், போடச் சொல்லவும் கூடாது. வங்கி அதிகாரி "இந்த வியாபாரத்தை உண்மையில் நடத்துவது யார்?" என்றுதான் கேட்பார். அந்த ஆள் பெங்களூரில் இருக்கிறார் என்றதும் அடுத்த கேள்விகள் அத்தனையும் உங்களை நோக்கித் திரும்பும்.

எந்த வங்கியில் கணக்குத் திறப்பது?

உள்ளூர்ப் பெரிய வங்கிகள் மூன்று: டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ்ஸின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது நினைவிருக்கும். அதனால் பலர் "எனக்குப் பழைய எல்விபி கணக்கு இருக்கிறதே, அங்கே சுலபமாகத் திறந்துவிடலாமே" என்கிறார்கள். இந்திய டிபிஎஸ் தனி நிறுவனம், சிங்கப்பூர் டிபிஎஸ் தனி. இங்குள்ள கிளை மேலாளர் ஒரு அறிமுகம் செய்துவைக்கலாம், அவ்வளவுதான். சோதனையெல்லாம் அங்கே முதலிலிருந்து நடக்கும்.

இந்திய வங்கிகளும் அங்கே இருக்கின்றன. ஐஓபி 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்தில் தொடங்கியதே கடல் கடந்த வியாபாரத்துக்காகத்தான். அதற்கும் முன்பே சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் (கடைவீட்டுத் தொழிற்கூடங்களில்) செட்டியார்கள் மேசைப்பெட்டியோடு உட்கார்ந்து தொழிலுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று ஐஓபி, இந்தியன் வங்கி, எஸ்பிஐ எல்லாவற்றுக்கும் சிங்கப்பூரில் கிளை உண்டு. செயலி வசதியில் உள்ளூர் வங்கிகளை எட்ட முடியாது. ஆனால் பெங்களூர்க் கிளையில் உங்களுக்கு நெடுநாள் கணக்கும் சுத்தமான சிசி லிமிட்டும் (தொழிலுக்கான ரொக்கக் கடன் வரம்பு) இருந்தால், உங்கள் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் அங்கே இருப்பார். ஏற்றுமதி இறக்குமதிப் பில், எல்சி (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) வேலைக்கு நான் இவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கம்பெனி பதிவாகிவிட்டது, ஆனால் வங்கி கணக்குத் தர மறுக்கிறது. ஏன்?

2023 ஆகஸ்டில் சிங்கப்பூர் போலீஸ் ஒரே நாளில் பல இடங்களில் சோதனை போட்டு, கள்ளப் பணத்தை வெள்ளையாக்கிய குற்றச்சாட்டில் வெளிநாட்டவர் 10 பேரைப் பிடித்தது. கடைசியில் முடக்கப்பட்ட சொத்து 300 கோடி டாலருக்கும் மேல். அதற்குப் பிறகு, அங்கே ஆளும் இல்லை அலுவலகமும் இல்லை என்ற கம்பெனிகளை வங்கிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. மறுத்தால் காரணமும் சொல்ல மாட்டார்கள்.

பெரும்பாலும் காணொளி அழைப்பில் ஒரு நேர்காணல் இருக்கும். பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டச் சொல்வார்கள். பிறகு கேள்விகள் எளிமையாகத்தான் வரும். உங்கள் முதல் வாடிக்கையாளர் யார்? அவர் எந்த நாட்டில் இருக்கிறார்? மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், எங்கே போகும்? இந்த வேலையை இந்தியக் கம்பெனியிலேயே செய்யலாமே, இங்கே எதற்கு? கடைசிக் கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். "வரி குறைவு" என்று பதில் சொன்னால் கதை முடிந்தது. "ஜூரோங்கில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உள்ளூர்க் கம்பெனியோடுதான் ஒப்பந்தம் போடுவார்கள், இதோ அவர்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டர்" என்று காகிதத்தைக் காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

தயாராக வைக்க வேண்டியவை: அக்ராவின் கம்பெனி விவரச் சான்று, நிறுவன விதிகள், கணக்குத் திறக்க இயக்குநர் குழுத் தீர்மானம், 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், ஒன்றிரண்டு ஒப்பந்தங்கள் அல்லது இன்வாய்ஸ்கள். வரி அடையாள எண் என்ற கட்டத்தில் உங்கள் பான் எண்ணை எழுத வேண்டும். ஆமாம், கணக்கு விவரம் இந்திய வரித்துறைக்குப் பரிமாறப்படலாம் என்பதற்காகத்தான் அது.

டிஜிட்டல் வங்கி, வைஸ், ஏர்வாலெக்ஸ் மாதிரியானவை போதாதா?

தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து. ஆனால் இவை இரண்டு ரகம். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் டிஜிட்டல் வங்கி உரிமங்களுக்கு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. சிறு தொழிலுக்கென்றே வந்த அனெக்ஸ்ட், கிராப்பும் சிங்டெல்லும் சேர்ந்து தொடங்கிய ஜிஎக்ஸ்எஸ் எல்லாம் அப்படி வந்தவை. இவை வங்கிகள். வைஸ், ஏர்வாலெக்ஸ், ஆஸ்பயர் போன்றவை பணப்பரிமாற்ற நிறுவனங்கள். கணக்கு விரைவாகக் கிடைக்கும், பல நாணயங்களில் வாங்கலாம் அனுப்பலாம், மாற்றுக் கட்டணமும் குறைவு. அங்கே கிடக்கும் பணத்துக்கு வைப்புக் காப்பீடு மட்டும் கிடையாது.

முழு வங்கி உரிமம் பெற்ற வங்கியில் போட்ட தொகைக்கு 2024 ஏப்ரலிலிருந்து 1,00,000 டாலர் வரை காப்பீடு உண்டு, கம்பெனிக் கணக்குக்கும் சேர்த்து. ஆனால் சிங்கப்பூர் டாலரில் இருந்தால்தான். அதே வங்கியில் அமெரிக்க டாலராக வைத்திருந்தால் கணக்கில் வராது. பல நாணயக் கணக்குத் திறப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இங்கிருந்து மூலதனம் அனுப்புவது எப்படி?

தனிநபராக அனுப்பினால் எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழி: ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை. கம்பெனிப் பங்கு வாங்குவது என்பதால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. 2022 ஆகஸ்டில் வந்த விதிகள்படி உங்கள் வங்கி மூலம் படிவம் எஃப்சி போட்டு ஒரு தனி அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். 'சும்மா குடும்பச் செலவு' என்று எழுதி அனுப்பிவிட்டு, பிறகு பங்கு வாங்கினேன் என்று சொல்வது சிக்கல். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வாங்கும் முன்வரி, பிடிப்பார்கள். வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

உங்கள் பெங்களூர்ப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியே முதலீடு செய்தால் எல்ஆர்எஸ் வரம்பும் இல்லை, அந்த டிசிஎஸ்ஸும் இல்லை. கடைசியாகத் தணிக்கையான நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை போடலாம். லாபத்தில் ஓடும் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலர் இதை யோசிக்காமலேயே சொந்தப் பெயரில் அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று: இங்கே கடன் வாங்கி எல்ஆர்எஸ்ஸில் அங்கே மூலதனமாக அனுப்புகிறேன் என்றால் வங்கி தராது. இந்த மாதிரி மூலதனப் பரிமாற்றத்துக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பணம் போனதோடு வேலை முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். தனிநபரின் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் பங்கைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது.

சிங்கப்பூர் அரசே சிறு தொழிலுக்குக் கடன் தருகிறதாமே?

அரசு நேரடியாகத் தருவதில்லை. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அமைப்பின் திட்டத்தில் வங்கி கடன் கொடுக்கும். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் நட்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும். சிறு, நடுத்தரத் தொழிலுக்கான நடைமுறை மூலதனக் கடன் 5,00,000 டாலர் வரை, 5 ஆண்டுத் தவணை. அரசு ஏற்கும் பங்கு பொதுவாக 50 சதவீதம், புதிய கம்பெனிகளுக்கு 70. இது வங்கிக்கு உள்ள பாதுகாப்பு. கடன் வாங்கியவர் நூற்றுக்கு நூறும் கட்டியாக வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்கள் முட்டிக்கொள்வார்கள். குறைந்தது 30 சதவீதப் பங்கு சிங்கப்பூர்க் குடிமக்களிடமோ நிரந்தரவாசிகளிடமோ இருக்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்து முழுப் பங்கையும் வைத்திருக்கும் உங்களுக்கு இந்தக் கதவு மூடியேதான் இருக்கும். மென்பொருள், இயந்திரம் வாங்கத் தரும் மானியத்துக்கும் இதே 30 சதவீதம். "கம்பெனி, கணக்கு, அரசுக் கடன் மூன்றும் ஒரே பேக்கேஜ்" என்று வாட்ஸப்பில் விளம்பரம் வந்தால், இந்த 30 சதவீதத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

என் மச்சான் அங்கே நிரந்தரவாசி. அவர் பெயரில் 30 சதவீதம் காட்டினால்?

உண்மையிலேயே கொடுத்தால் சரி. பணம் போடட்டும், லாபத்தில் பங்கு எடுக்கட்டும், ஜாமீனும் போடட்டும். காகிதத்தில் மட்டும் காட்டிவிட்டு, உள்ளே வேறு ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்தால் அது பொய்த் தகவல் கொடுத்துக் கடன் வாங்கிய குற்றம். அவருடைய வசிப்புரிமைக்கும் ஆபத்து. சொந்தபந்தத்தில் வரும் சண்டையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, அரசுத் திட்டம் இல்லை. வேறு என்னதான் கிடைக்கும்?

ஈடில்லாத வங்கிக் கடனுக்கு வழக்கமாக 6 மாதக் கணக்கு விவரம், இரண்டு ஆண்டு நிதி அறிக்கை, இயக்குநர்களின் தனிப்பட்ட வரி மதிப்பீடு, கிரெடிட் பியூரோ (கடன் வரலாறு வைத்திருக்கும் அமைப்பு) அறிக்கை, சொந்த ஜாமீன் எல்லாம் கேட்பார்கள். அந்த பியூரோவில் உங்கள் பெயருக்கு எதுவுமே இருக்காது. இங்கே உங்கள் சிபில் கடன் மதிப்பெண் 800 என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

முதல் ஆண்டில் எட்டக்கூடியது இன்வாய்ஸ் நிதிதான். உங்களைப் பார்ப்பதைவிட உங்கள் வாடிக்கையாளரைப் பார்த்து இதைக் கொடுப்பார்கள். எடுத்துக்காட்டாக, ஹைட்ராலிக் உதிரிபாகம் விற்று 40,000 டாலருக்கு இன்வாய்ஸ் போட்டிருக்கிறீர்கள், பணம் வர 60 நாள். நிதி நிறுவனம் 80 சதவீதம், அதாவது 32,000 இன்றே தருகிறது, மாதம் 1.5 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 960 டாலர். பார்ட்டி முழுப் பணத்தைக் கட்டியதும் மீதி 7,040 உங்களுக்கு வரும். அந்தச் சரக்கில் உங்கள் லாபம் 6,000 என்றால் ஆறில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விட்டது. ஆண்டுக்குப் பார்த்தால் 18 சதவீதம், பீன்யாவில் கட்டுவதைவிட அதிகம். ஆனாலும் அடுத்த ஆர்டருக்கு எஃகு வாங்கக் காசு இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட மேல் என்ற நிலை வரும், அப்போது மட்டும் எடுங்கள். பார்ட்டி கட்டாவிட்டால் உங்களிடம் திருப்பி வாங்கும் உரிமை நிதி நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பெரிய முதலீட்டாளர் ஏற்கெனவே பணம் போட்ட நிறுவனங்களுக்கு வென்ச்சர் கடன் உண்டு. மற்றவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முதலீட்டாளர் சிங்கப்பூரில் தாய்க் கம்பெனி வைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். பெங்களூரின் ஃபோன்பே சிங்கப்பூரிலிருந்த தலைமையை 2022இல் இந்தியாவுக்கு மாற்றியது. அதற்காக அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய். போவதற்கு மலிவு, திரும்புவதற்கு அப்படி இல்லை. தவிர, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் தன் கட்டுப்பாட்டிலுள்ள வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே துணை நிறுவனம் வைப்பதை 2022 விதிகள் அனுமதிப்பதில்லை. வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் இதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் இணைந்துவிட்டதே, அதில் சப்ளையருக்குப் பணம் அனுப்பலாமா?

கூடாது. 2023 பிப்ரவரியில் வந்த அந்த வசதி தனிநபர்கள் உறவினருக்கும் அன்பளிப்பாகவும் அனுப்ப. நாளுக்கு 60,000 ரூபாய்தான் வரம்பு.

வரி?

கம்பெனி வரி 17 சதவீதம், புதுக் கம்பெனிகளுக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் சலுகை உண்டு. முக்கிய முடிவுகளெல்லாம் பெங்களூரில் எடுக்கப்பட்டால் அந்தக் கம்பெனியை இந்தியக் கம்பெனியாகவே கருதி இங்கே வரி போட நம் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்குள் இருந்தால் இது பொருந்தாது என்று 2017இல் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

அப்படியானால் சிங்கப்பூர்க் கம்பெனியே வேண்டாம் என்கிறீர்களா?

அங்கே வாடிக்கையாளரும் வேலை பார்க்க ஆளும் இருந்தால் திறங்கள். வெறும் ஏற்றுமதிக்கும் பணம் வாங்கவும் என்றால் தேவையில்லை. பர்ச்சேஸ் ஆர்டரை வைத்து உங்கள் பெங்களூர் வங்கியே வெளிநாட்டு நாணயத்தில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க முன்கூட்டித் தரும் கடன்) தரும். வெளிநாட்டுப் பார்ட்டி ஏமாற்றினால் ஈசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் காப்பீடு இருக்கிறது. சொத்து அடமானம் இல்லாத கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசு ஆதரவு நிதியத்தின் உத்தரவாத வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி ரூபாய். மென்பொருள்காரர்கள் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற எல்லை கடந்த பணப்பரிமாற்ற நிறுவனம் மூலம் ஒரு பரிவர்த்தனைக்கு 25 லட்சம் ரூபாய் வரை இங்கிருந்தே வாங்கலாம். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் செயலர், நாமினி, கணக்கு, வரித் தாக்கல் என்று போகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

திறந்துவிட்டோம், சரிவரவில்லை. மூடுவது சுலபமா?

கடனும் வரி பாக்கியும் வழக்கும் இல்லையென்றால் அக்ராவில் பெயர் நீக்க விண்ணப்பிக்கலாம், சில மாதம் ஆகும். அதற்கு முன் கணக்கிலுள்ள மீதியைப் பங்குதாரருக்கு அனுப்பி வங்கிக் கணக்கை மூட வேண்டும். அந்தப் பணம் 90 நாளுக்குள் இந்தியா வந்து சேர வேண்டும், வந்த 30 நாளுக்குள் உங்கள் வங்கி வழியாக முதலீட்டு விலக்கலைத் தெரிவிக்க வேண்டும். இடையில் ஆண்டு அறிக்கை ஏதாவது விட்டுப்போயிருந்தால் தாமதக் கட்டணம் கட்டி அதை முதலில் சரிசெய்யுங்கள். கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தால், கம்பெனி போன பிறகும் அந்தக் கையெழுத்து உங்கள் பெயரில் நிற்கும். வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கிய பிறகே நீக்க விண்ணப்பத்தைப் போடுங்கள்.